நான்காம் மாடிக் கதவு

உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு முதலில் போவது முதுகுதான் ஐயா. அதனால் இந்த நாற்காலியைக் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்திக்கொள்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் நோட்டுப் புத்தகத்தில் கடைசி வரி பன்னிரண்டு நாலுக்கு எழுதியது. ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு. நடுவில் இருபத்தேழு நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். அதை மட்டும் பிய்த்து எடுத்துச் சொன்னால் என்னை ஒரு மாதிரியான ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் லிஃப்டுகளுக்குப் புரோகிராம் எழுதியவன். எந்த மாடியில் நிற்பது, கதவை எத்தனை நொடி திறந்து வைப்பது, இரண்டு பேர் இரண்டு மாடியில் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால் முதலில் யாரிடம் போவது, எல்லாம் என் தலையிலிருந்து வந்தவை. ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் தானாக ஆறாம் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருக்கிறது என்றார்கள். நர்சுகள் படியில் ஏறி இறங்கிக் கால் வீங்கிப் போனார்கள். செத்துப்போன நோயாளி ஒருவர் வீட்டுக்குப் போக லிஃப்டைக் கூப்பிடுகிறார் என்று பேச்சு. நான் போய்ப் பார்த்தேன். துப்புரவுக்காரர் தன் ஈரத் துடைப்பத்தைப் பொத்தான் மேல் சாய்த்து வைப்பதை வழக்கமாக்கியிருந்தார். "பேய் பிடிபட்டது, பிழிந்து காய வைக்கவும்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், முப்பத்தொரு வருஷத்தில் தப்பு என்று என்னைக் கூப்பிட்ட இடங்களிலெல்லாம் தப்பு வேறு யாருடையதாகவோதான் இருந்தது. அது ஒரு பழக்கம். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் என் மனைவி சொன்னாள்: "இப்படி அலமாரிச் சாமானை எல்லாம் எண் போட்டு அடுக்கிக்கிட்டு இருந்தீங்கன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு பண்ணுங்களேன்." கேம் எழுதலாம் என்று முடிவு செய்தேன். விற்பதற்கில்லை. சும்மா, கை ஆசைக்கு. கதை எளிமையானது. தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு சாவியைத் தேடியெடுத்துக் கதவைத் திறந்து மேலே போகவேண்டும். நான்காம் மாடிக் கதவைத் திறந்தால் மொட்டை மாடி, வானம். அவ்வளவுதான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் இதை ஒரு வாரத்தில் முடிப்பான். கடையில் கிடைக்கிற தயார் கருவிகளை வாங்கி ஒட்டவைத்து, அரைகுறையாக ஓடவிட்டுக் கைதட்டுவான். நான் அனுபவஸ்தன். அடித்தளத்தையே நான்தான் கட்டுவேன் என்று உட்கார்ந்தேன். எட்டு மாதம் கழித்து என் திரையில் ஒரு நீலச் சதுரம் இடமிருந்து வலமாகப் போயிற்று. மிகச் சரியாகப் போயிற்று. மனைவி காபியோடு வந்து பார்த்தாள்.

"இது யாருங்க?"

"தொப்பிக்காரன்."

"தொப்பி எங்க?"

"தொப்பி அப்புறம் வரும்."

"எட்டு மாசத்துல ஒரு பிள்ளையையே பெத்துடலாம்" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி எங்களோடு வந்து தங்கினான். என் மச்சான். பஸ் டிரைவர். டிரைவரே டிக்கெட்டும் கொடுக்கிற வகை பஸ். சர்க்கரை நோயும் லேசான இருதயக் கோளாறும் சேர்ந்துகொண்டதில் கண் மங்கி, வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தனி ஆள். காலையில் பதினொரு மணிக்கு ஓர் இன்சுலின் ஊசி, அரை மணி நேரத்தில் சாப்பாடு, சாயங்காலம் ஒன்று. நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லாத மனிதன். என் மேல் அவனுக்குப் பிரியம் உண்டு. எனக்கும் உண்டு. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கேமில் கடினமான விஷயம் கணக்கு இல்லை ஐயா. கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தொப்பிக்காரனைக் குதிக்கவைத்தபோது பூமியின் ஈர்ப்பு விசையைத் துல்லியமாகப் போட்டேன். மச்சான் இரண்டு முறை குதித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அத்தான், உங்க ஆளு குதிக்கல. மாடியிலேர்ந்து மூட்டைய உருட்டி விட்ட மாதிரி விழறான்."

"நிஜத்தில் அப்படித்தான் விழுவார்கள்."

"நிஜத்துல விழுந்து பாக்கறதுக்கு எதுக்கு அத்தான் கேமு?"

இன்னொரு நாள், விளிம்பைத் தாண்டிய மறு கணமே தொப்பிக்காரன் விழுந்துவிடுவதைப் பார்த்தான். "பிரேக் பெடல்ல மொதல் ரெண்டு விரக்கடை சும்மா போகணும் அத்தான். கால வச்ச உடனே பிடிச்சா பின்னாடி உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க எல்லாம் முன்னாடி வந்துருவாங்க. இவனுக்கும் அந்த மாதிரி கொஞ்சம் சும்மா விடுங்க." விளிம்பைத் தாண்டியபின்னும் பத்தில் ஒரு நொடி குதிக்கலாம் என்று மாற்றினேன். உடனே தொப்பிக்காரனுக்கு உயிர் வந்துவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்றேன்.

தப்பு கண்டுபிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு காரியம் செய்வான். பக்கத்தில் கிடக்கும் ஏதாவது காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, நகத்தால் ஒரு கீறல் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டுவான். "டிக்கெட், டிக்கெட். எறங்கும்போது காட்டணும் சார்." எங்கள் ஆபீசிலும் தப்பைப் பதிவு செய்கிற சீட்டுக்கு டிக்கெட் என்றுதான் பெயர், பாவம், அவனுக்கு அது தெரியாது. என் மனைவி அவற்றை வாங்கிச் சமையலறைப் பலகையில் குண்டூசியால் குத்தி வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிச் சிரிப்பாள். கணவனைச் சிறுமைப்படுத்துகிறவள் இல்லை அவள். வீட்டில் ரொம்ப நாளாகச் சிரிப்பு இல்லை, கிடைத்ததற்குச் சிரித்தாள். நானும் சிரிப்பேன். முப்பத்தெட்டு டிக்கெட். எண்ணிப் பார்த்தீர்களா, உங்கள் ஆட்கள் எடுத்துப் போனதில்? முப்பத்தெட்டு இருக்கும்.

இனி சோதனை முறை பற்றி. கேம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. புதிய ஆளை உட்காரவைத்து விளையாடச் சொன்னால், எழுதியவன் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுக்கவேண்டும். வழி சொல்லக்கூடாது. விரல் நீட்டக்கூடாது. பெருமூச்சுகூட விடக்கூடாது. உலகத்தில் எங்கோ ஒருவன் தனியாக உட்கார்ந்து விளையாடும்போது நீ அவன் தோளுக்குப் பின்னால் இருக்கப்போவதில்லை, அதனால் இங்கேயும் நீ இல்லாதவன். எனக்கு இதைச் சொன்னவர் பழைய ஆபீஸ் சிநேகிதர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அவரே வாயை மூடிக்கொள்ளச் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் சரிவரவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் விளையாடியபோது, "இப்ப எந்தப் பக்கம்?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார், நானும் சொல்லிக்கொண்டே போனேன். மனைவி இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று துணி காயப்போடப் போய்விட்டாள். மச்சான்தான் ஒழுங்கான ஆள். அவனும் திருட்டுத்தனம் செய்தான். திரையில் என் முகம் தெரிகிறதாம். "நீங்க புருவத்தத் தூக்கினா இடது பக்கம், உதட்டக் கடிச்சா வலது பக்கம். உங்க மூஞ்சியப் பாத்தே ரெண்டு மாடி ஏறிட்டேன்" என்றான். அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான். பிறகு இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்துகொண்டோம். நான் திரையில் தெரியாதபடி ஓரமாக ஸ்டூலில் உட்காருவது. அவன் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. "கெஞ்சினாலும் சொல்லக்கூடாது அத்தான், ஆமா" என்றது அவன்தான். அதை நான் எழுதி வைத்திருக்கிறேன், தேதி போட்டு.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின மாலை நான் ஒரு காரியம் செய்தேன். அனுபவஸ்தர்கள் மட்டும் செய்கிற காரியம். கேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே எழுதியிருந்த விதம் அழகாக இல்லை. சாவிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. யாரும் பார்க்கப்போவதில்லை, இருந்தாலும் எனக்குக் கண்ணை உறுத்திற்று. எல்லாச் சாவியையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து, மாடி மாடியாக அதுவே எடுத்து வைக்கும்படி திருத்தி எழுதினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மூன்று மாடிவரை ஓட்டிப் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை மனைவிக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பதினொண்ணுக்கு ஊசி போட்டுக்குவான். பதினொண்ணரைக்குச் சாப்பிட உட்கார வச்சுருங்க, தட்டு மூடி வச்சிருக்கேன். வேர்த்துக் கொட்டினா, பேச்சு குழறினா, ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி. யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, உடனே குடுங்க." சரி என்றேன். அவள் தம்பியைப் பார்த்து, "இன்னிக்கு எத்தன டிக்கெட்டுடா?" என்றாள்.

"இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது" என்றேன் நான். "ஒரு டிக்கெட் இல்லாமல் மொட்டை மாடிக்குப் போனால் பலகையில் இருக்கிற அத்தனையையும் நீயே பிடுங்கிப் போடவேண்டும்."

"ஆஹா, அத்தான் சூடாயிட்டாரு" என்றான் மச்சான். "கெடைச்சா?"

"கிடைத்தால் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்."

"ஐயய்யோ, அப்புறம் எனக்குப் பொழுது போகாதே" என்றான். இதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பதினொன்று ஐந்துக்கு ஆரம்பித்தோம். சோதனையின்போது மேசையில் தின்பண்டம் இருக்கக்கூடாது; கை பிசுபிசுத்தால் கீபோர்டு கெடும். அவன் எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கும் மிட்டாய் டப்பாவை எடுத்துப் பிரிட்ஜ் மேல் வைத்தேன். அது சாதாரணமாகச் செய்வதுதான். முதல் மூன்று மாடியை அவன் பதினாலு நிமிடத்தில் ஏறினான். அதற்குமுன் அவ்வளவு வேகமாக ஏறியதில்லை. பதினொன்று பத்தொன்பதுக்கு நான்காம் மாடி.

அங்கே அவன் சாவியைத் தேடினான். அலமாரி மேல் குதித்தான், மேசைக்கு அடியில் புகுந்தான், ஜன்னல் விளிம்பில் நடந்தான். பதினொன்று இருபத்தெட்டுக்கு எனக்குப் புரிந்துவிட்டது. நான்காம் மாடியில் சாவியே இல்லை. நாங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள் ஐயா. முதல் மாடி எங்களுக்குப் பூஜ்யம், நான்காம் மாடி மூன்று. முந்தின மாலை எழுதிய பட்டியலில் மூன்றுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லியிருந்தேன். முதல் வருஷம் படிக்கிற பிள்ளை செய்கிற தப்பு. முப்பத்தொரு வருஷம் ஆட்களை மாடிக்கு மாடி அனுப்பிய நான் ஒரு மாடியை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

அதே சமயத்தில் மச்சான் திரையைப் பார்த்தபடியே கேட்டான்: "அத்தான், இந்த மாடியில சாவி வச்சீங்கதானே?"

எனக்குப் பேச அனுமதியில்லை. அதை நான் ஒரு வசதியாக உணர்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

பதினொன்றரை ஆயிற்று. "சாப்பாட்டு நேரம் ஆச்சோ?" என்றான். "இதோ, இத மட்டும் கண்டுபிடிச்சுட்டு எந்திரிச்சுடறேன். இல்லாட்டி நீங்க வந்து ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்குவீங்க." அவனே எழுந்திருக்கவில்லை. இதுவும் நோட்டில் இருக்கிறது. நான் என்ன நினைத்தேன் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனே சலித்துப்போய், "என்னால முடியல, விட்டுடறேன்" என்று சொல்லுவான். அப்படிச் சொல்லிவிட்டால் அது தப்பு ஆகாது. கடினமான மாடி, அவ்வளவுதான். சாயங்காலம் சத்தமில்லாமல் சாவியை வைத்துவிடலாம். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பதினொன்று நாற்பத்தொன்று: நெற்றியில் வியர்வை. நாற்பத்து நான்கு: விரல் நடுக்கம், தவறான பொத்தான். நாற்பத்தொன்பது: "அத்தான்... பஸ்ஸு... கதவு தொறக்கல, எல்லாரும் எறங்கணும்" என்றான். இளம் வக்கீல் ஒருவர் வந்து, ஆட்டத்தின் பரபரப்பில் அவன் வியர்க்கிறான் என்று நான் நினைத்ததாகச் சொல்லச் சொன்னார். நல்ல பையன். ஆனால் அது உண்மையில்லை. நாற்பத்தொன்பதாம் நிமிடத்துக்கு எதிரே 'சர்க்கரை இறங்குகிறது' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடிக்கோடும் இட்டிருக்கிறேன். சமையலறைக்குப் பதினோரு காலடி தூரம்தான். தட்டு மூடியிருக்கிறது, டப்பா பிரிட்ஜ் மேல் இருக்கிறது, எல்லாம் தெரியும். எழுந்து போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடுவான். தெளிந்ததும் என்ன செய்வான்? காகிதம் தேடுவான்.

அவன் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். ஏதோ கேட்கிற முகம்தான். ஆனால் என்னை அடையாளம் தெரிந்து பார்த்த மாதிரி இல்லை. ஸ்டாப்பில் கை காட்டும் ஆளைப் பார்க்கிற பார்வை. நான் புருவத்தைத் தூக்கவில்லை, உதட்டைக் கடிக்கவில்லை. அதில் அன்றைக்கு நான் நன்றாகத் தேறியிருந்தேன்.

பன்னிரண்டு நாலுக்கு அவன் தலை மேசைமேல் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. கன்னம் கீபோர்டில் அழுந்தியதால் தொப்பிக்காரன் சுவரைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தான். 'ஆட்டக்காரர் நிறுத்திக்கொண்டார்' என்று எழுதி நேரம் போட்டேன். அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் எழுந்து அவன் தலையைத் தூக்கி, கீபோர்டை அவனுக்குக் கீழிருந்து உருவினேன். அழுத்தமில்லாமல்தான் செய்தேன், தலைக்கு அடியில் என் துண்டை மடித்து வைத்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது, கரகரவென்று. ஸ்டூலை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றினேன். சாவி வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கண் விழித்ததும் அவன் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். ஜன்னல் விளிம்பில், நல்ல வெளிச்சத்தில் வைத்தேன். நீ சரியாகத் தேடவில்லை மச்சான் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

மாற்றியதை ஓட்டிப் பார்க்காமல் விடுவது எங்கள் வேலையில் பாவம். தெருவிலிருந்து ஆரம்பித்து நான்கு மாடியும் ஏறினேன். கதவு திறந்தது. ஒருமுறை திறந்தது தற்செயலாக இருக்கலாம். அதனால் மறுபடியும் ஏறினேன். டாக்டர் சொல்கிறார், பன்னிரண்டு இருபதுக்குச் சற்று முன்பின்னாகத்தான் அவன் இருதயம் நின்றிருக்குமாம். அப்போது நான் மூன்றாவது தடவையில் இரண்டாம் மாடியில் இருந்திருப்பேன். கரகரப்பு நின்றது காதில் விழுந்தது. தூங்கிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். பொய். அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டேன், ஏறிக்கொண்டே இருந்தேன்.

நாலு தடவை ஏறினேன். நாலு தடவையும் கதவு திறந்து வானம் தெரிந்தது. முறைப்படி பார்த்தால் ஐந்து தடவை ஓட்டவேண்டும். ஆனால் பக்கத்தில் ஒரு மனிதன் அப்படிக் கிடக்கும்போது அது மனிதத்தன்மை இல்லை என்று தோன்றியது. அதனால் அதோடு நிறுத்திக்கொண்டு போனை எடுத்தேன்.